இடையும் நாணமும்

உடலின் உறுப்புகள் எல்லாவற்றையும் நாம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. கண்ணைப் பற்றியும் கையைப் பற்றியும் அவையில் பேசலாம், தோளைப் புகழலாம், அடியை வணங்கலாம். இடுப்பு என்று சொன்ன மாத்திரத்தில் மட்டும் குரல் சற்றே தாழ்ந்துவிடுகிறது. இத்தனைக்கும், இதற்குப் பெயர் வைப்பதில் தமிழ் கஞ்சத்தனம் காட்டிய மொழி அன்று. இடை, அரை, இடுப்பு, மருங்குல், நுசுப்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். குழந்தையைச் சுமப்பது இடுப்பு. தண்ணீர்க் குடத்தைத் தாங்குவது இடுப்பு. சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு வீட்டை ஆள்வதும் இடுப்பே. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வது சந்நிதியில் நாம் காட்டும் பணிவு. இவ்வளவு உழைக்கின்ற உறுப்பு, இசையைக் கேட்டு ஓர் அசைவு அசைந்தால் மட்டும் நமக்கு ஏன் தலை கவிழ்கிறது?

இந்தக் கேள்வி எங்களுக்கு ஏட்டிலிருந்து கிடைத்ததன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மும்பையில் குடித்தனம் நடத்தும் எங்கள் இருவருக்கும், மகளின் திருமணம் கொண்டுவந்து சேர்த்த கேள்வி இது. மாப்பிள்ளை கோவாவைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. மாட்டுங்காவில் நம் முறைப்படி தாலி கட்டியானதும், மாலையில் அவர்கள் முறைப்படி வரவேற்பு. அதில் மணமக்களின் பெற்றோரும் இணை இணையாக ஆடுவது அவர்கள் வழக்கம் என்று சம்பந்தியம்மாள் மிகுந்த மரியாதையோடு தெரிவித்தார். ஆட வேண்டியது சால்சா என்று பிள்ளைகளே தீர்மானித்துவிட்டார்கள். ஆகவே, ஐம்பதைக் கடந்த வயதில், செம்பூரில் ஒரு மாடி அறையில், சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் மாணவரானோம்.

ஆடத் தொடங்கியதும் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. எங்களுள் மனைவியாகிய ஒருவர் எட்டு வயது முதல் பதினெட்டு வரை பரதம் பயின்றவர். அவருக்கு அடி பிசகவில்லை, தாளம் தவறவில்லை, இடுப்பு மட்டும் கல்தூண்போல் நின்றது. கணவராகிய மற்றவர் வாழ்நாளில் எந்த ஆட்டமும் பயிலாதவர். அவருக்கு அடி பிசகிற்று, எண்ணிக்கை தவறிற்று, ஆனால் இடுப்பு தானாக, யாரும் சொல்லாமலே, இசையோடு அசைந்தது. கற்பித்த இளம்பெண், "அங்கிளுக்கு இது இயற்கையாகவே வருகிறது" என்று மனமாரப் புகழ்ந்தாள். புகழ்ந்த அக்கணமே அவருடைய உடல் விறைத்துப்போயிற்று. அசையாதவர் அசையவில்லையே என்று கூசினார். அசைந்தவர் அசைந்துவிட்டதே என்று கூசினார். இருவர் கூச்சத்துக்கும் இருப்பிடம் அந்த இடுப்பே.

அசைந்தவருடைய கூச்சத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. அவர் காவிரிக் கழனிகளின் நடுவே பிறந்தவர். ஒற்றையடி வரப்பில் ஒரு காலுக்கு நேர் முன்னே மறு காலை வைத்து நடந்து வளர்ந்த பிள்ளை. அப்படி நடப்பவருடைய இடுப்பு பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்தே தீரும். சாயாவிட்டால் சேற்றில் விழவேண்டியதுதான். பள்ளி நாடக ஒத்திகையில் ஓர் ஆசிரியர், "ஏண்டா, பொம்பளை நடை நடக்கிறே?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டுவிட்டார். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் நடையைத் தானே காவல் காக்கத் தொடங்கினான். காற்சட்டைப் பைகளில் கைகளைத் திணித்துக்கொண்டு, முழங்கால்களை இறுக்கி நடந்தான். நாற்பது ஆண்டுகள் அந்தக் காவல் தளரவில்லை. மனைவிக்கே இக்கதை செம்பூர் மாடியில்தான் தெரியவந்தது.

அசையாதவருடைய கூச்சத்துக்கோ வரலாறே சாட்சி. சென்னையில் 1893-ஆம் ஆண்டு இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கத்தார், சதிர்க் கச்சேரிகளுக்குப் பெரியோர் போகலாகாது என்று ஆளுநருக்கும் வைசிராய்க்கும் விண்ணப்பம் அனுப்பினார்கள். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947-இல் வந்தது. இடையே 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றிற்று. சதிர் பரதநாட்டியமாகி, நடுத்தரக் குடும்பத்துப் பெண்களின் கலையாயிற்று. அந்தக் கலையைக் காப்பாற்றியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஒரு பழியிலிருந்து மீட்கப்பட்ட கலை, மீண்டும் அப்பழி வந்துவிடுமோ என்று எப்போதும் அஞ்சிக்கொண்டே ஆடும். சிருங்காரத்தைக் குறைத்து ஆடுவது தூய்மையாகாது என்று பாலசரஸ்வதி அம்மையார் வாதாடிவந்ததும் அந்த அச்சத்தை எதிர்த்தே. எங்கள் தலைமுறைப் பெண்களுக்குத் தட்டுக்கழியின் ஓசையோடு கற்பிக்கப்பட்டவற்றுள் "இடுப்பை ஆட்டாதே" என்பது முதன்மையானது.

இத்தனைக்கும் பழைய நூல் இடுப்பை ஒதுக்கியதில்லை. நாட்டிய சாஸ்திரம் தலை, கை, மார்பு, பக்கம், கடி, பாதம் என்று ஆறு அங்கங்களை வகுக்கிறது. கடி எனப்படும் இடுப்புக்கு ஐந்து வகை அசைவுகளைப் பெயரிட்டுக் கூறுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களுள் 81 செதுக்கப்பட்டுள்ளன. தில்லைக் கோபுரங்களில் 108-உம் உண்டு. அங்கே இடுப்பு வளைகிறது, திரும்புகிறது, ஒருபுறம் உயர்கிறது. சோழர் காலத்து உமையின் செப்புத் திருமேனிகள் பலவற்றில், ஒரு காலில் பாரம் தாங்கி, இடை ஒருபுறம் ஒசிந்து நிற்பதைக் காணலாம். நாம் கையெடுத்துக் கும்பிடும் வடிவத்தில் இருப்பது, நம் வீட்டுப் பெண்ணிடம் இருந்தால் மட்டும் ஆகாதோ?

இடுப்புக்கு அஞ்சியவர்கள் நாம் மட்டுமல்லர் என்பதும் உண்மை. கியூபாவின் மத்தான்சாஸ் நகரில் 1879-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் மிகேல் ஃபைல்டே அரங்கேற்றிய தன்சோன் என்னும் இசை பரவியபோது, இது ஆப்பிரிக்கச் சாயல் படிந்த ஒழுக்கக்கேடு என்று அங்குள்ள இதழ்கள் சாடின. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1957-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் எல்விஸ் பிரெஸ்லி பாடியபோது, ஒளிப்படக் கருவி அவருடைய இடுப்புக்கு மேலே மட்டுமே காட்டிற்று. கீழே ஒன்றுமே இல்லாதவர்போல் அந்த இளைஞர் பாடி முடித்தார். யாருடைய இடுப்பு அசைந்தாலும் அதில் யாரோ ஒருவர் குற்றம் கண்டே வந்திருக்கிறார்கள்.

சால்சாவின் பிறப்பும் எங்கள் மனத்தைத் தொட்டது. அதன் வேர் கியூபாவின் சோன் இசை. ஆனால் அதற்கு அப்பெயரும் உருவும் வாய்த்தது நியூயார்க்கில். இரண்டாம் உலகப் போருக்குப் பின் போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து பிழைப்புத் தேடி அந்நகருக்குக் குடிபெயர்ந்தவர்களும், கியூபாவிலிருந்து வந்தவர்களும் மாலை நேரங்களில் கூடி ஆடினார்கள். பல்லேடியம் என்ற ஆடற்கூடம் 1966-இல் மூடப்படும்வரை அவர்களுக்கு அது ஊர்ச்சாவடி போன்றது. ஜானி பச்சேகோவும் ஜெர்ரி மசூச்சியும் 1964-இல் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் இந்த இசையை உலகெங்கும் கொண்டுசென்றது. குளிர்மிகு மாநகரில், பிறர் மொழியில் வேலை பார்த்துவிட்டு, இரவில் ஓர் அறைக்குள் சொந்த ஊரின் தாளத்தை மூட்டிக் குளிர் காய்ந்தவர்களின் ஆட்டம் இது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் சங்கம் வைத்து, பொங்கல் விழா நடத்தி வாழும் நமக்கு இது புரியாததா?

இனி அசைவின் நுட்பத்துக்கு வருவோம். சால்சாவில் எட்டு எண்ணிக்கை. நம் ஆதி தாளத்துக்கும் எட்டுத்தான். அவற்றுள் ஆறுக்கு அடி உண்டு. நான்கிலும் எட்டிலும் அடி இல்லை. அடி வைக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். உடலின் பாரம் அந்தக் காலுக்கு மாறியதும் முழங்கால் நிமிர்கிறது; மறு முழங்கால் தளர்கிறது. நிமிர்ந்த காலின் பக்கம் இடுப்பு உயர்ந்து வெளிப்புறம் ஒதுங்குகிறது. தளர்ந்த பக்கம் தாழ்கிறது. அவ்வளவே. இடுப்பை ஆட்டுவது என்பதே இதில் கிடையாது. கால் செய்த வேலைக்கு இடுப்பு தரும் விடை அது. வேண்டுமென்று ஆட்டினால் பொய்யாகத் தோன்றும். வேண்டாமென்று பிடித்தால் முழங்கால் இறுகி, அடியே கெடும்.

இதைக் கேட்டபின் பரதம் பயின்றவருக்கும் தம் இடுப்பின் பிடிவாதம் விளங்கிற்று. அரைமண்டியில் இரு முழங்கால்களும் ஒருசேர மடிந்தே நிற்கின்றன. தட்டடவில் பாதம் மாறி மாறித் தட்டினாலும் உயரம் மாறுவதில்லை. ஆகவே இடுப்பும் சமனாக நிற்கிறது. கற்புக்கும் ஒழுக்கத்துக்கும் அதில் பங்கில்லை. முழங்கால் கணக்கே காரணம். ஓர் ஆட்டத்தில் இரு முழங்காலும் ஒன்றாக மடிகின்றன, இடை அடங்குகிறது. மற்றோர் ஆட்டத்தில் மாறி மாறி மடிகின்றன, இடை அசைகிறது. அந்த அடக்கமும் அழகு. இந்த அசைவும் அழகு. ஒன்றின் இலக்கணத்தைக் கொண்டு மற்றொன்றுக்குப் பிழை திருத்துவது, வெண்பாவின் தளை கொண்டு ஆசிரியப்பாவை அளப்பது போலாகும்.

நுட்பம் விளங்கினாலும் நாணம் உடனே விலகிவிடவில்லை. அறையின் ஒரு சுவர் முழுதும் கண்ணாடி. ஆடுகிறவர் தம்மையே பார்த்துக்கொண்டு, பார்ப்பவராகவும் பார்க்கப்படுபவராகவும் இரண்டுபட்டு நின்றால் தாளம் எங்கே நுழையும்? அந்த இளம்பெண் இதை உணர்ந்து, எங்களைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிறுத்தினாள். இடுப்பை மறந்துவிடுங்கள், பாதம் தரையை அழுத்துவதை மட்டும் கவனியுங்கள் என்றாள். இரண்டு மரக்கட்டைகளைத் தட்டி எழுப்பும் 'கிளாவே' என்னும் ஐந்து தட்டுகளைச் செவியால் பின்தொடரச் சொன்னாள். செவிக்கு வேலை வந்ததும் கண்ணின் காவல் தளர்ந்தது. நான்காம் வாரத்தில் ஒருவர் இடுப்பு மெல்ல இளகிற்று. மற்றவர் இடுப்பு, நாற்பது ஆண்டுச் சிறைக்குப் பின், தன் பழைய வரப்பில் நடந்தது.

வரவேற்பு நாளன்று எங்களுக்கிருந்த அச்சமெல்லாம் முதல் வரிசையில் அமர்ந்திருந்த ஒருவரைப் பற்றியே. மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்த, மணமகளின் அத்தை, கணவருக்குத் தமக்கை, வயது எழுபத்து நான்கு. சிறுவயதில் தந்தையை இழந்த தம்பியை வளர்த்தெடுத்தவர். அவர் முகம் சுளித்தால் அதற்கு மேல் முறையீடு கிடையாது. நாங்கள் ஆடினோம். பெரிதாக ஒன்றுமில்லை, மூன்று நிமிடப் பாட்டு, பழகிய பத்து அடிகள். ஆடி முடித்து அவரருகே போனபோது அவர் கண் கலங்கியிருந்தது. "தம்பி, நம்ம அப்பா வரப்பு மேலே இப்படித்தாண்டா நடந்து வருவாரு. அந்த நடையை நீ எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார். தந்தையின் முகம்கூடச் சரியாக நினைவில்லாத பிள்ளை அவர். பழித்துப் பேசப்பட்டதென்று புதைத்து வைத்தது தந்தை விட்டுச்சென்ற சொத்து என்பதை அன்று கேட்டறிந்தார்.

இவ்வளவையும் இம்மலரில் எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. அயலூரில் பிள்ளை வளர்க்கும் நாம், ஊரில் இருப்பவர்களைக் காட்டிலும் கட்டுப்பாட்டில் ஒரு படி கூடுதலாகவே இருக்கிறோம். நம் பண்பாடு நம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற கவலை நியாயமானதே. ஆனால் அந்தக் கவலை பெரும்பாலும் பெண்பிள்ளையின் இடுப்பின் மீதும், ஆண்பிள்ளையின் நடையின் மீதும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆண்டு விழா மேடையில் ஒரு சிறுமி கரகம் வைத்து ஆடும்போதோ, ஒரு சிறுவன் கைவீசி நடக்கும்போதோ, பின்வரிசையிலிருந்து நாம் உதிர்க்கும் ஒரு சொல்லும் ஒரு சிரிப்பும் அந்த மேடையோடு முடிவதில்லை, வீட்டுக்குப் போகும், பள்ளிக்குப் போகும், நாற்பது ஆண்டு கூடவே வரும்.

ஆபாசம் என்பது இல்லாமல் இல்லை. அது ஆடுபவரின் கருத்திலும் காண்பவரின் கண்ணிலும் இருப்பது. எலும்பின் பொருத்திலும் நடையின் இயல்பிலும் இருப்பதன்று. இந்த வேறுபாட்டை உணர்ந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும், ஒரு குழந்தை தன் உடலோடு சண்டையின்றி வளரும். இப்போது சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பாட்டுகள் ஒலிக்கின்றன. ஒன்றுக்கு அரைமண்டி, மற்றொன்றுக்குச் சால்சா. அடுத்த வீட்டுப் பேத்தி இரண்டுக்கும் வந்து ஆடிவிட்டுப் போகிறாள். அவளுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்று கருதுகிறோம்.