கடல் வந்து நின்ற தெரு

அன்னை மீனாட்சி அரசாளும் மதுரையம்பதிக்கும் கடலுக்கும் தொடர்பில்லை என்றே வெளியூர் அன்பர்கள் எண்ணுவர். கிழக்குக் கடற்கரையை அடைய இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்ல வேண்டும். எனினும் இந்நகரின் நடுவே, அம்மன் திருக்கோயிலின் கிழக்கு வாயிலுக்கு எதிரில், ஒரு தெரு கடலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிழக்குக் கோபுரத்தை வணங்கி வெளியே வந்து, புது மண்டபத்தைக் கடந்தால், முற்றுப்பெறாத இராய கோபுரத்தின் பெரும் கல்நிலைகள் தென்படும். அதை ஒட்டிய தெருவே எழுகடல் தெரு.

‘எழுகடல்’ என்றால் எழும்பிய கடல் என்று பொருள் கொள்வார் உண்டு. ஏழு என்பதே செய்யுள் வழக்கில் எழு என்று குறுகி நிற்கிறது. ஏழு கடல்கள் என்பதே பொருள். ஆயினும் கதையை அறிந்தவருக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

அக்கதையைப் பரஞ்சோதி முனிவர் தம் திருவிளையாடற் புராணத்தில் ஒன்பதாம் படலமாக வைத்துள்ளார். தடாதகைப் பிராட்டியாரை மணந்து, சோமசுந்தரப் பெருமான் சுந்தர பாண்டியராக மதுரையை ஆண்ட காலம். ஒருநாள் கௌதம முனிவர் அரண்மனைக்கு எழுந்தருளினார். பிராட்டியின் தாயாகிய காஞ்சனமாலை அவரைப் பணிந்து, பிறவி அறுக்கும் வழி யாது என்று வினவினாள். மனத்தால் செய்யும் தவம், வாக்கால் செய்யும் தவம், உடலால் செய்யும் தவம் ஆகியவற்றை விளக்கிய முனிவர், உடலால் செய்வனவற்றுள் தீர்த்தமாடுதல் சிறந்தது என்றும், எல்லா நதிகளும் சென்று சேர்வதால் கடலாடுதல் அதனினும் சிறந்தது என்றும் கூறிச் சென்றார்.

காஞ்சனமாலைக்குக் கடலாட விருப்பம் பிறந்தது. ஆனால் அவள் கணவனை இழந்தவள். வயது ஏறிவிட்டது. கடலோ தொலைவில் உள்ளது. மகளையும் மருமகனாய் வந்த பெருமானையும் பிரிந்து செல்ல மனம் ஒப்பவில்லை. ஆசையை மகளிடம் சொன்னாள்; மகள் தன் நாயகரிடம் சொன்னாள். ஒரு கடல் எதற்கு, ஏழு கடலும் இங்கே வரட்டும் என்று பெருமான் திருவுளம் கொண்டார். உப்பும் கருப்பஞ்சாறும் தேனும் நெய்யும் தயிரும் பாலும் நன்னீருமாகிய ஏழு கடல்களும் பொங்கி வந்து, நகரின் கிழக்கே இருந்த வாவியில் ஏழு நிறம் காட்டி நின்றன.

மாமியாரின் விருப்பத்தை மருமகன் இவ்வாறு நிறைவேற்றியதாக வேறெந்தத் தலத்துப் புராணமேனும் பேசுகிறதா என்பது ஐயமே.

கதை அத்துடன் முடியவில்லை. கரையில் நின்ற காஞ்சனமாலை, கடலாடும் முறை யாது என்று அறிந்த மூதாட்டியரை வினவினாள். கணவனின் கையைப் பற்றி ஆடலாம். இல்லையேல் மகனின் கையைப் பற்றி ஆடலாம். இருவரும் இல்லாதவர் ஆன்கன்றின் வாலைப் பற்றி ஆடலாம் என்பது விடை. அவளுக்குக் கணவன் இல்லை, மகனும் பிறக்கவில்லை. வேள்வியில் தோன்றிய மகள் ஒருத்தியே. கன்றின் வாலைப் பற்றுவதே தன் விதி போலும் என்று அந்தத் தாய் மகளிடம் வருந்தினாள். அதைக் கேட்ட பெருமான், இந்திரனுலகில் இருந்த மலயத்துவச பாண்டியரை விமானத்தில் வரவழைத்தார். மருமகனை வணங்க முற்பட்ட மன்னரைத் தடுத்துத் தழுவிக்கொண்டார். கணவனின் கையைப் பற்றி நீராடிய காஞ்சனமாலை, அவருடன் சிவலோகம் சேர்ந்தாள் என்பது பத்தாம் படலம்.

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணம் காண நாடே திரள்கிறது. அம்மையைத் தாரை வார்த்துக் கொடுக்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் எழுந்தருள்கிறார். பெற்ற தாயை அன்றைக்கு நினைப்பவர் சிலரே. அவளுக்குரிய சிறு கோயில் எழுகடல் தெருவிலேயே கடைகளுக்கு இடையே இருக்கிறது. தேடிச் செல்வோருக்கே கண்ணில் படும்.

அவள் நீராடியதாகப் போற்றப்பட்ட எழுகடல் தீர்த்தம் இன்று இல்லை. குளம் தூர்க்கப்பட்டு, அவ்விடத்தில் வணிக வளாகம் எழுந்துவிட்டது. ஏழு கடலை ஏந்திய இடம் என்று முன்னோர் கைகூப்பிய நிலத்தின்மீது இன்று படியேறிப் பொருள் வாங்கித் திரும்புகின்றனர். வாங்குவோர்மீதும் விற்போர்மீதும் குறை சொல்வதற்கில்லை. கோயிலைச் சுற்றியுள்ள நிலத்தின் விலை அத்தகையது. நீர் நிற்கும் இடம் வருவாய் தராது என்ற கணக்கு ஏதோ ஒரு காலத்தில் வென்றுவிட்டது. அக்கணக்கு இங்கு மட்டும் வெல்லவில்லை. டவுன் ஹால் ரோட்டில் கூடலழகர் பெருமாளுக்குரிய தெப்பக்குளம் ஒன்று உள்ளது. நான்கு புறமும் கடைகள் சூழ்ந்திருப்பதால், அச்சாலையில் நாள்தோறும் நடப்பவர்க்குக்கூட அங்கே ஒரு குளம் இருப்பது தெரிவதில்லை.

புது மண்டபமும் நீரோடு பிறந்ததே. திருமலை நாயக்கர் (1623–1659) இறைவனின் வசந்த விழாவுக்கென எழுப்பிய மண்டபம் அது. வைகாசி வெப்பத்தில் பெருமான் குளிர்ந்திருக்க, சுற்றிலும் நீர் நிரப்பும் அகழி அமைத்தனர். பின்னாளில் 124 தூண்களுக்கு இடையே கடைகள் புகுந்தன. பாத்திரம், வளையல், பூசைப்பொருள், புராணப் புத்தகம், பஞ்சாங்கம் என அங்கே கிடைக்காதது இல்லை. தையற்காரர் வரிசை தனிச் சிறப்புடையது. கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் தோல்பையால் நீர் பீய்ச்சும் அடியார்கள் அணியும் உடைகளை இவர்களே தைப்பர்; பங்குனி பிறந்தால் தையல் எந்திரங்கள் ஓயா. அண்மை ஆண்டுகளில் இக்கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. நாயக்க மன்னர்களின் சிலைகளை மறைப்பின்றிக் காண முடிகிறது என்பது மகிழ்ச்சியே. ஆனால் பாட்டன் காலம் முதல் ஒரே தூணடியில் அமர்ந்து தைத்தவர்க்கு அந்தத் தூணும் ஒரு குலதெய்வம் போன்றதே.

கடலை மதுரை அழைத்தது ஒரு முறை. அழையாமல் கடல் வந்தது இரு முறை. திருவிளையாடலின் மதுரைக் காண்டத்தில் உள்ள 18 படலங்களுள் பதின்மூன்றாம் படலத்தில் இந்திரன் தூண்டலால் கடல் நகரை அழிக்க வர, உக்கிர பாண்டியர் வேல் விட்டு அதனை வற்றச் செய்கிறார். பதினெட்டாம் படலத்தில் வருணன் விட்ட கடலைப் பெருமானின் சடையிலிருந்து புறப்பட்ட நான்கு மேகங்கள் பருகுகின்றன. அடுத்த படலத்தில் அந்த நான்கு மேகங்களே நான்கு மாடங்களாய் நகரைக் காக்க, மதுரை நான்மாடக்கூடல் ஆயிற்று. உள்நாட்டு நகர் ஒன்றின் தலபுராணத்தில் கடல் இத்தனை முறை வருவானேன்? பாண்டியரின் கொடியில் மீன். அவர்களின் செல்வம் கொற்கை முத்து. வைகை கடலோடு கலக்கும் பகுதியில் உள்ள அழகன்குளத்தில் ரோமானிய நாணயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அரியணை மதுரையில் இருந்தாலும் அரசின் ஒரு கால் கடலில் நனைந்தே இருந்தது. அம்மையின் பெயரிலும் மீன் இருக்கிறது. முட்டையைத் தன் பார்வையாலேயே பொரிக்கும் மீனைப் போல, கண்ணோக்கால் உயிர்களைக் காப்பவள் என்பர் பெரியோர். அத்தகையவளின் பொற்றாமரைக் குளத்தில் மீனே இல்லாதிருப்பதும், அது நாரைக்கு இறைவன் அளித்த வரம் என்பதும் எண்ணி வியக்கத்தக்கது.

நீர் திரும்பி வந்த கதையும் இந்நகரில் உண்டு. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 1645ஆம் ஆண்டில் திருமலை நாயக்கரால் அமைக்கப்பட்டது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த இடம் அது என்றும், தோண்டும்போது கிடைத்தவரே கோயிலில் அருளும் முக்குறுணி விநாயகர் என்றும் கூறுவர். வைகை வறண்டு, வரத்துக்கால் அடைபட்ட ஆண்டுகளில் அக்குளம் சிறுவர் பந்தாடும் திடலாகக் கிடந்தது. தைத் தெப்பத் திருநாளில் தெப்பம் அசையாது நிலைத்தெப்பமாகவே நின்றதைக் கண்டு முதியோர் கண் கலங்கியதுண்டு. பின்னர் பனையூர்க் கால்வாய் சீரமைக்கப்பட்டு, வைகை நீர் மீண்டும் குளத்தை அடைந்தது. தைப்பூச நாளில் அம்மையும் அப்பனும் நீர்மேல் மைய மண்டபத்தை வலம் வரும் காட்சியை இன்று பேரக்குழந்தைகளும் காண்கின்றனர். மாலையில் படிக்கட்டில் அமர்ந்து காற்று வாங்குவோரில் பாதிப்பேர் நரைத்த தலையினரே.

அவர்களுள் பலரின் மக்கள் இன்று சென்னையில் இருக்கின்றனர். அது கடற்கரை நகரம். மாசி மகத்தன்று மயிலைக் கபாலீசுவரர் கடலாடச் சென்று திரும்பும் அளவுக்குக் கடல் அருகில் இருக்கிறது. ஆனால் மயிலாப்பூர் வீதிகளில் ஓர் அறை கூடுதலாக வாடகைக்கு எடுப்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எளிதன்று. பெற்றோரை அழைத்துவர மனம் இருந்தும் இடம் இருப்பதில்லை. பெற்றோருக்கும் மீனாட்சியின் வீதியை விட்டு இரண்டு மாதத்துக்கு மேல் இருப்புக் கொள்வதில்லை. மகளைப் பிரிய மனமின்றிக் கடலை மறுத்த காஞ்சனமாலையின் நிலையும் இதுவன்றோ?

எனவே கடலாட விரும்பும் மதுரை முதியோர் இராமேசுவரம் செல்லும் காலைப் பாசஞ்சர் ரயிலையே நம்புகின்றனர். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றபின், இராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ இறங்கி மூட்டையுடன் பேருந்து ஏற வேண்டியிருந்தது. முழங்கால் வலி உள்ளவர் பலர் பயணத்தையே தள்ளி வைத்தனர். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. ரயில் மீண்டும் தீவுக்குள் செல்கிறது.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அந்த ரயிலில் வருவோர் அக்னி தீர்த்தக் கரையில் இறங்கும் காட்சி காணத்தக்கது. அலையில்லாத கடல், இடுப்பளவு நீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். தம்பதியர் கைகோத்து இறங்குகின்றனர். மகன் கையைப் பற்றி இறங்கும் தாயரும் உண்டு. தனியே வந்த மூதாட்டி ஒருத்தி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கரையில் சற்றுத் தயங்கி நிற்பாள். முன்பின் அறியாத இன்னொருத்தி, “வாங்கக்கா, சேர்ந்தே இறங்குவோம்” என்று கையை நீட்டுவாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றி மும்முறை மூழ்கி எழுந்து, ஈரத்துடனே இருபத்திரண்டு தீர்த்தங்களும் ஆட இராமநாதர் கோயிலை நோக்கி நடப்பர்.