வண்டி வீடுகளில் முதியோர் வாழ்க்கை

மண்ணிற் கால்கொண்டு நிற்பது வீடு, உருண்டோடுவது வண்டி. இவ்விரண்டும் வேறு வேறு என்றே யாம் இளமை தொட்டு எண்ணியிருந்தோம். இரண்டும் ஒன்றாயமைந்த ஊர் ஒன்றினைக் காணும் வாய்ப்பு 2024 ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் எமக்குக் கிட்டிற்று. ஆங்குக் கண்டவற்றுட் சிலவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

எம் பெரியன்னையார் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், அரிசோனா மாநிலத்து மேசா நகரில் செவிலியராய்ப் பணிபுரிகின்றார். எம் பாட்டனார் காலஞ்சென்று ஓராண்டு நிறையுமுன்னரே, பாளையங்கோட்டை வீட்டை விற்று ஆச்சியை மேசாவிற்கு அழைத்துக்கொள்ளலாமா என்னும் பேச்சு எம் குடும்பத்தில் எழுந்தது. "முதலில் ஊரைப் பார்த்து வரட்டும்" என்று முடிவு செய்து ஆச்சியை அனுப்பினர். வழித்துணையாக யாமும் சென்றோம். ஆச்சி ஐம்பத்திரண்டு ஆண்டுகள் பாட்டனாரோடு இல்லறம் நடத்தியவர். ஆயினும் வங்கியின் வாயிற்படி ஏறியறியாதவர். குடும்ப ஓய்வூதியத்தின் பொருட்டு முதன்முறை ஆங்குச் சென்ற நாளில், எந்தப் படிவத்தில் எவ்விடத்துக் கையொப்பமிடுவதென்று அறியாது, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நின்ற நிலை எம் நெஞ்சை விட்டு அகன்றிலது.

இரண்டாண்டுகட்கு முன் மாரடைப்புற்று, பெரியன்னையாரின் மருத்துவமனையில் இருந்து பிழைத்த முதியவர் ஒருவரும் அவர்தம் மனைவியாரும் எம்மை விருந்திற்கு அழைத்தனர். அவர் வடக்கேயுள்ள மின்னசோட்டா மாநிலத்தில் அஞ்சல் துறையிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அம்மையார் பள்ளி நூலகத்திற் பணியாற்றியவர். தம் வீட்டை விற்று, பிள்ளைகட்குக் கொடுப்பன கொடுத்து, எஞ்சிய சிலவற்றை வண்டி வீடொன்றில் ஏற்றிக்கொண்டு அவர்கள் புறப்பட்டு ஒன்பதாண்டுகள் ஆயினவாம்.

இத்தகைய வண்டி வீட்டினை அந்நாட்டார் 'ஆர்.வி.' எனச் சுருங்க வழங்குவர். தானே ஓடும் பொறியுடையது ஒரு வகை. பிறிதொரு வண்டி இழுத்துச் செல்வது மற்றொரு வகை. யாம் கண்டது முன்னையது; 34 அடி நீளமும் எட்டரை அடி அகலமும் உடையது. நின்றவிடத்து ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவர் வெளியே நகர்ந்து கூடம் அகலமாகின்றது. கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை யாவும் அதனுள் அடங்கும். நம் இல்லங்களிற்போலப் பரண் இல்லை. ஒரு பொருள் புதிதாய் உள்ளே வரின், பழைய பொருள் ஒன்று வெளியே போதல் வேண்டும். அது கண்டு ஆச்சி, "எங்கள் பித்தளைப் பாத்திரங்களையே இதற்குள் வைக்க முடியாதே!" என்று வியந்தனர்.

இவ்வண்டிகள் நூற்றுக்கணக்கில் வரிசையாய் நிற்கும் குடியிருப்பிற்கு வாடகை செலுத்தித் தங்குகின்றனர். ஒவ்வொரு மனைக்கும் மின்கம்பமும், நன்னீர்க் குழாயும், கழிவுநீர் வாயும் உண்டு. இக்குடியிருப்பு முதியோர்க்கே உரியது. 1995 ஆம் ஆண்டு அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இத்தகைய இடங்களில் மக்கள் வாழும் மனைகள் நூற்றுக்கு 80 ஆவது, 55 வயது நிரம்பிய ஒருவரேனும் வாழ்வனவாய் இருத்தல் வேண்டும். மின்னசோட்டா, டகோட்டா, கனடா முதலிய பனிநாட்டார் மாரிக்காலத்தில் வெயில் நாடி ஈண்டு வருவர். வேனிலில் வெப்பம் 40 பாகையைக் கடக்குமாதலின், ஏப்ரல் முடியுமுன் பெரும்பாலோர் புறப்பட்டுவிடுவர். வேடந்தாங்கலை அறிந்த நமக்கு இவ்வழக்கம் விளங்குதற்கு அரிதன்று.

அவர்தம் அன்றாட வாழ்வு பெரிதும் எளியது. காலையில் நாயோடு நடை. பின்னர்ப் பிக்கிள்பால் ஆட்டம். வாஷிங்டன் மாநிலத்துத் தீவொன்றில் 1965 ஆம் ஆண்டு தோன்றிய இவ்வாட்டம், முதியோரும் ஆடத்தக்க சிறிய களத்தை உடையது. பொதுமண்டபத்தில் மரவேலை, ஒட்டுத்துணிப் போர்வை தைத்தல், இசைக்கூட்டம் ஆகியன நிகழும். வாரத்தில் ஒருநாள் அவரவர் சமைத்ததைக் கொணர்ந்து ஒரே பந்தியில் உண்பர். மாலையில் வண்டியின் முன் நாற்காலியிட்டு அமர்வர். வழிச்செல்வோர் நின்று உரையாடாது செல்வதில்லை. காலை எட்டு மணிக்குள் ஒரு வண்டியின் சாளரத்திரை விலகாதிருப்பின், அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டுவர். "கதவைத் தட்ட ஆள் உண்டு என்பதே எங்கள் உறக்க மருந்து" என்றார் அம்மையார்.

நிலையான வீடில்லார்க்கு முகவரி ஏது? ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்னும் தம்பதியர் 1978 இல் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' என்னும் சங்கம், டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டன் நகரிலிருந்து, உறுப்பினர்க்கு வரும் கடிதங்களை அவரவர் தங்குமிடத்திற்கு அனுப்பி வைக்கின்றது. நோயுற்றும் தளர்ந்தும் போன உறுப்பினர் தம் வண்டியிலேயே வாழ்ந்துகொண்டு பகலிற் பிறர் உதவி பெறுதற்கும் அவ்வூரில் ஓர் இடம் அமைக்கப்பட்டுள்ளது. ஊர் ஊராய்த் திரிவோர்க்கும் ஒருநாள் திரிய இயலாமற் போகும் என்பதை அவர்கள் மறந்தாரல்லர்.

இவ்வாழ்வில் வேலைப் பிரிவினை கண்டிப்பானது. வண்டிக்கு வெளியேயுள்ள வேலை கணவருக்கு, உள்ளேயுள்ளது மனைவிக்கு. 'நீலப்பணி', 'இளஞ்சிவப்புப்பணி' என்று அவற்றை நகையாகக் கூறுவர். நீலப்பணியில் அருவருப்பானது கழிவுத்தொட்டியைக் காலி செய்வது. கழிப்பறைத் தொட்டியின் அடைப்பினை எந்நேரமும் திறந்துவைத்தலாகாது. நீர்மட்டும் ஓடிக் கட்டி நின்றுவிடும். தொட்டி நிறையுந்தறுவாயில் அதனை முதலில் திறந்து, அதன்பின் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் உள்ள தொட்டியைத் திறத்தல் வேண்டும். பின்னது குழாயைக் கழுவிச் செல்லும். இவ்வேலையை அம்மையார் கையுறை அணிந்து செய்ய, முதியவர் உள்ளே அப்பம் சுட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு யாம் வியந்தோம். மாரடைப்பு வந்த நாள் முதல் வாரத்தில் ஒருநாள் இருவரும் வேலைகளை மாற்றிக்கொள்கின்றனராம். வங்கிக் கணக்கு, காப்பீடு, மருந்துப் பட்டியல் ஆகியவற்றை அவர் கற்றார். 68 ஆம் வயதில் இப்பெருவண்டியை ஓட்ட அம்மையார் கற்றார்.

மறுநாள் ஏறத்தாழ 150 மைல் மேற்கேயுள்ள குவார்ட்சைட் என்னும் பாலைநில ஊருக்கு எம்மை அழைத்துச் சென்றனர். ஓட்டியவர் அம்மையாரே. குழாய், மின்கம்பி ஒவ்வொன்றையும் கழற்றி, தாளில் எழுதிய பட்டியலைப் பார்த்துக் குறியிட்டபின்னரே புறப்பட்டார். அவ்வூரருகே அரசு நிலத்தில், மின்சாரமோ குழாயோ இன்றி, கூரைமேற் கதிரவன் ஒளித்தகடு பொருத்திய வண்டிகள் பல நின்றன. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குறைந்த கட்டணத்தில் ஆங்குத் தங்கலாம். சிறு ஓய்வூதியம் பெறுவோர்க்கு அது பெரும் புகலிடம். படைக்காக ஒட்டகங்கள் கொணரப்பட்ட காலத்தில் மேற்கு ஆசியாவிலிருந்து உடன்வந்த ஹாஜி அலி என்பாரின் கல்லறையும் அவ்வூரில் உண்டு. அவர் 1902 இல் மறைந்தவர். கல்லறைமேல் ஒட்டக உருவம் நிற்கின்றது.

மாலையில் திரும்பியபின், வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி மனையில் நிறுத்தும்போது அது ஒரு மரக்குற்றியின்மேல் மெல்ல இடித்தது. வெளியே நின்ற முதியவர் கைகளை முதுகின்பின் கட்டிக்கொண்டு ஒரு சொல்லும் சொன்னாரில்லை. அம்மையார் முன்னே சென்று, மீண்டும் பின்வாங்கி, மும்முறை முயன்று செவ்வனே நிறுத்தினார்.

அப்பொழுது ஆச்சி எம்மை நோக்கி, "ஐயா, இவர் இல்லாமற் போனால் அந்த அம்மா இந்த வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? கேள்" என்றனர். இதனை எங்ஙனம் மொழிபெயர்ப்பதென்று யாம் நாணி நின்றோம். குறிப்பறிந்த அம்மையார் வற்புறுத்தவே, கூறினோம். அவர் சிறிதும் முகம் வாடாது, "அதற்காகவே இன்று நான் ஓட்டினேன்" என்றார். முதியவரோ, "எனக்கும் இப்போது அப்பம் சுட வரும்" என்று நகைத்தார்.

அன்றிரவு ஆச்சி நெடுநேரம் உறங்கவில்லை. "உன் தாத்தா எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை ஐயா, ஆனால் ஒன்றும் சொல்லித்தரவும் இல்லை. நானும் கேட்கவில்லை" என்றனர். அன்பின் மிகுதியாலேயே ஒருவரை மற்றவர் ஒன்றும் அறியாதவராக்கிவிடுதலும் உண்டென்பது அன்றுதான் எமக்குப் புலனாயிற்று.

அவ்வாழ்வு குறையற்றதென்று யாம் கூறோம். பேரப்பிள்ளைகளைப் பெரும்பாலும் கைப்பேசித் திரையிலேயே காண்கின்றனர். எம் நண்பர் மனைக்கு எதிர்மனையில் நின்ற வண்டியில் 'விற்பனைக்கு' என்னும் பலகை தொங்கியது. கணவரை இழந்த மூதாட்டியார் மகளிடம் சென்றுவிட்டாராம். அவருக்கு ஓட்டத் தெரியாது. பெற்ற மக்கள் கைவிட்ட முதியோரைக் காணப்போகின்றோம் என்னும் இரக்கத்தோடு சென்ற யாம், பிரிவு வருமென்பதை ஒளியாது பேசி, அதற்கு ஒருவரையொருவர் ஆயத்தம் செய்யும் தம்பதியரைக் கண்டு திரும்பினோம்.

பாளையங்கோட்டை வீடு இன்னும் விற்கப்படவில்லை. ஆச்சியின் விருப்பம் அதுவே. 2025 ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒருநாள் அவர் வங்கிக்குப் புறப்பட்டனர். படிவத்தை நிரப்ப யாம் கை நீட்டியபோது, "நீ பேசாதிரு, தப்பாக எழுதினால் வேறு தாள் வாங்கிக்கொள்ளலாம்" என்றனர். இரண்டு தாள் வீணாயிற்று. மூன்றாவது தாளை அலுவலர் ஏற்றுக்கொண்டார். யாம் கைகளை முதுகின்பின் கட்டிக்கொண்டு நின்றோம்.