துரையின் எம்.ஜி.

அந்தக் கார் பங்களாவில் நின்றதைவிட எங்கள் தேயிலை ஸ்டோரின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் நின்றதுதான் அதிகம். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகிற பாதையில் இருந்த தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று சொல்லிக்கொள்வோமே தவிர, லயத்துக் காம்பராகூட எங்கள் பெயரில் கிடையாது. அப்பா ஸ்டோரில் பிட்டர். கொழுந்து உருட்டுகிற ரோலர், இலை உலர்த்துகிற சிராக்கோ, இவற்றை எல்லாம் ஓட்டுகிற எஞ்சின் என்று அவர் தலையில் ஏற்கெனவே நிறைய இருந்தது. அதோடு பெரிய துரையின் எம்.ஜி. டி.சி.யும் வந்து சேர்ந்தது. அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு பிஸ்கட் டின் வரும். டின் மட்டும் வெகுகாலம் வீட்டில் இருந்தது, பருப்பு போட்டுவைக்க.

கருஞ்சிவப்பு நிறம். இரண்டே பேர் உட்காரலாம். நீண்ட மூக்கு, உடம்போடு ஒட்டாமல் தனியே நிற்கிற இரண்டு பெரிய ஹெட்லைட்டுகள், 19 அங்குலக் கம்பிச் சக்கரங்கள், முதுகில் பெட்ரோல் டாங்க், அதன்மேல் சாய்த்துக் கட்டின ஸ்டெப்னி. முன்கண்ணாடியை அப்படியே முன்னால் மடக்கிப் படுக்கவைத்துவிடலாம். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1945 முதல் 1949 வரை இந்த மாடலைச் செய்தார்கள். மொத்தம் சுமார் 10,000 கார்கள். போர் முடிந்து கையில் காசில்லாத காலத்தில், போருக்கு முந்தைய டிசைனையே கொஞ்சம் அகலப்படுத்திச் செய்த கார் அது. எஞ்சின் 1250 சி.சி. குதிரைசக்தி 54தான். இன்றைய சின்னக் கார்களே அதைவிட வலுவானவை என்று என் மகன் சிரிப்பான். சிரிக்கட்டும். அதில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், தரை எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்று.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா அதைக் கழற்றுவார். எனக்கு இரண்டு வேலைகள். முதல் வேலை, செம்புச் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அந்தச் சக்கரத்துக்கு நான்கு போல்ட், ஐந்து போல்ட் எல்லாம் கிடையாது. நடுவில் இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு. காதில் சுத்தியலால் தட்டினால் கழலும், திருப்பித் தட்டினால் இறுகும். இடப்பக்கத்து மரை ஒரு திசை, வலப்பக்கத்து மரை எதிர்த்திசை. ஓடுகிற ஓட்டத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி. இரண்டாவது வேலைதான் எனக்குப் பிடித்தது. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு கம்பியையும் சின்ன ஸ்பானரால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று சொன்னால் சரி. டொக்கென்று சொன்னால் கம்பி தளர்ந்துவிட்டது. அப்பா காரின் கீழே படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். "நில்லு, இப்ப தட்டினத திரும்ப தட்டு" என்பார். என் கண்ணைவிட அவர் காது கூர்மை.

ஒருமுறை எஞ்சினிலிருந்து ஒரு நட்டு கழன்று கானில் விழுந்து போய்விட்டது. அப்பா ஸ்டோரிலிருந்து அதே அளவில் ஒன்றைக் கொண்டுவந்தார். தேயிலை மெஷின்கள் எல்லாம் அன்று விட்வர்த் என்ற இங்கிலீஷ் அளவில் வந்தவை. அவருடைய விட்வர்த் ஸ்பானர் காரின் போல்ட்டுகளுக்கும் அச்சாகப் பொருந்தும். ஆனால் நட்டு ஏறவில்லை. இரண்டு சுற்றில் இறுகி நின்றுவிட்டது. ஸ்பானர் சேருகிறது, மரை சேரவில்லை என்றால் என்ன கணக்கு? மனிதர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. காரணத்தைப் பல வருஷம் கழித்து நான் ஒரு புத்தகத்தில் படித்தேன். அந்த எஞ்சினின் வம்சம் பிரெஞ்சு. ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி கோவென்ட்ரியில் வைத்திருந்த ஆலையை 1923-இல், பின்னாளில் எம்.ஜி.க்கு எஞ்சின் செய்த மோரிஸ் கம்பெனி வாங்கியபோது, அங்கே இருந்த மெஷின்கள் எல்லாம் மெட்ரிக் மரை வெட்டுபவை. மாற்றச் செலவாகும் என்று மரையை மெட்ரிக்காகவே விட்டுவிட்டு, வெள்ளைக்காரன் ஸ்பானர் பிடிக்கட்டும் என்று தலையை மட்டும் விட்வர்த் அளவில் செய்தார்கள். அப்பாவுக்கு இந்த வரலாறு தெரியாது. ஆனால் அந்தக் காரின் நட்டுகளை ஒரு சிகரெட் டின்னில் தனியாகப் போட்டு, ஸ்டோர் சாமானோடு சேரவிடாமல் வைத்துக்கொண்டார். படித்தவன் செய்வதும் அதைத்தான்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியா முழுக்கக் கொழும்புக்காரர்கள். குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி, அதோடு மகாகஸ்தோட்டை தோட்டத்து மலையேற்றக் கார்ப் பந்தயம். 1934-இல் தொடங்கிய பந்தயம் அது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகிற வளைந்த ரோட்டில், ஒவ்வொரு காராக நேரம் பார்த்து விடுவார்கள். நாங்கள் மேட்டில், கொழுந்துக் காட்டில் நின்று பார்ப்போம். எங்கள் துரையும் ஓட்டியிருக்கிறார். ஜெயித்ததாக நினைவில்லை. வளைவில் அவர் கியர் மாற்றுகிறபோதெல்லாம் பக்கத்தில் நிற்கிற அப்பாவின் இடது கையும் அசையும்.

சரிபார்த்த பிறகு அப்பா காரை ஸ்டோர் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார். அப்போது பக்கத்து சீட்டு எனக்கு. டி.சி.யில் ஒரு வேடிக்கை: ஓட்டுகிறவர் முன்னால் இருப்பது எஞ்சினின் சுற்றைக் காட்டும் டயல். வேகம் காட்டும் டயல் பக்கத்தில் உட்காருபவன் முன்னால். இங்கிலாந்தில் ஊருக்குள் 30 மைலுக்கு மேல் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதால், 20-இல் எரிந்து 30-ஐத் தாண்டினால் அணைகிற ஒரு சின்ன லைட்டும் வைத்திருந்தார்கள். "லைட்டு அணைஞ்சா சொல்லுடா" என்பார் அப்பா. எங்கள் ரோட்டில் அது எரிவதே பெரிய விஷயம். எரிந்தால் நான் கத்துவேன்.

1974-இல் தோட்டங்களில் மாவுக்குப் பஞ்சம். லயத்தில் பட்டினிச் சாவுகளைப் பார்த்த காலம். அந்த வருஷமும் மழை ஓய்ந்ததும் காரின் தரைப்பலகைகளைக் கழற்றி வெயிலில் வைத்து, மரச்சட்டத்துக்கு லின்சீட் ஆயில் பூசினோம். பங்களாவிலிருந்து எண்ணெய் தவறாமல் வந்தது. அந்த வாசனையை இன்றும் எனக்குப் பிடிக்காது.

1975 அக்டோபரில் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துரை கப்பலேற வேண்டும். கார் விற்பனைக்கு வந்தது. புதுக் கார் இறக்குமதி அநேகமாக நின்றுபோயிருந்த காலம். ஓடுகிற எதற்கும் விலை உண்டு. கொழும்பிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். பெயிண்டைத் தடவினார், குரோமியத்தில் முகம் பார்த்தார். துரை விஸ்கியோடு விலை பேசினார். டாக்டர் கேட்ட எதற்கும் துரைக்குப் பதில் தெரியவில்லை. "பிட்டரைக் கேளுங்கள்" என்றார். அப்பா சாவியைத் திருப்பினார். எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து, குழாய் நிறைந்ததும் நின்றது. "நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தங்க" என்றார். பிறகு கதவைத் திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினார். கதவு இம்மியும் அசையவில்லை. டாக்டர் அந்த இடத்திலேயே சம்மதித்துவிட்டார். கொழும்புக்கு வந்து காரைப் பார்த்துக்கொள்ளும்படி அப்பாவைக் கூப்பிடவும் செய்தார்.

அப்பாவால் போக முடியவில்லை. 1964 சாஸ்திரி – சிறிமா ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்ட 5,25,000 பேரில் எங்கள் குடும்பமும் அடக்கம். பாஸ்போர்ட் வந்துவிட்டிருந்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கோத்தகிரியில் வந்து சேர்ந்தோம். அங்கேயும் தேயிலைதான். சிகரெட் டின் டாக்டரோடு போய்விட்டது; அப்பாவே கொடுத்தார்.

பழைய டி.சி. ஒன்று நல்ல நிலையில் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு யாராவது போவதாக இருந்தால், பெயிண்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். வெளியே தகடு, உள்ளே அதைத் தாங்குவது ஆஷ் மரச்சட்டம். கதவைத் திறந்து நுனியைத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தூணின் அடிக்கட்டை உளுத்திருக்கலாம். சட்டத்தைப் புதிதாகச் செய்கிற செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். காரைக் கவனித்துவந்த மெக்கானிக் உயிரோடு இருந்தால், விற்பவரிடம் பேசுவதற்கு முன்னால் அவரைத் தேடிப்போய்ப் பேசிவிடுங்கள்.