பாட்டனார் போன சபர்

பொருள் தேடிக் கப்பலேறுவதைச் 'சபர்' என்று சொல்லி வளர்ந்த சமுதாயம் நம்முடையது. எங்கள் பாட்டனாரும் ஒரு சபராளியே. 1926இல் ஓடத் தொடங்கிய 'ராஜுலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு சென்றவர், அம்மண்ணிலேயே அடக்கமானவர். 1984இல் 'சிதம்பரம்' கப்பல் தீப்பற்றியதோடு அக்கடல்வழிப் பயணமும் ஓய்ந்தது. ஆயினும் பினாங்கு எங்கள் கனவை விட்டு அகலவில்லை. 1801இல் காதிர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் ஒரு வக்தேனும் தொழ வேண்டும். சூலியா தெருவிலுள்ள நாகூர் தர்காவைக் காண வேண்டும். இவ்வளவே எங்கள் ஆசையாயிருந்தது.

உம்மம்மாவின் தகரப் பெட்டியில் பாட்டனாரின் கடிதங்கள் இருந்தன. அவர் தனித்திருந்து படிப்பார், படித்ததும் பூட்டிவிடுவார். அவர் மறைந்தபின், அரபி எழுத்தாயிருக்கவே துஆ ஏடுகள் என்றெண்ணி, கண்ணில் ஒற்றி மூடிவைத்தோம்.

சென்ற ரமலானில் ஒன்றை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தோம். நாவில் பிறந்ததோ தமிழ்! அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி முன்னோர் வகுத்த அரபுத்தமிழ் அது. அதிலொரு வரி எங்களைத் திகைக்கச் செய்தது: "இங்குள்ள பிள்ளைகள் இருவரும் உன் கைச்சோறு உண்ண ஆசைப்படுகின்றனர்."

உம்மம்மா இதை எவரிடமும் சொன்னதில்லை. அந்த மௌனத்தின் பாரத்தை இன்றுதான் உணர்கிறோம்.

உறவைத் துண்டிக்காதீர் என்பது மார்க்கத்தின் கட்டளை. அறியாமல் துண்டித்திருந்தோம், அறிந்தபின் வாளாவிருத்தல் தகுமோ? இனி எங்கள் சபர் ஊர் பார்க்க அன்று. அப்பிள்ளைகளின் வழிவந்தோரைத் தேடவே. கடவுச்சீட்டு பிறகு வரட்டும். மீதிக் கடிதங்களை முதலில் படித்து முடிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.