காலி மும்மொழிக் கல்

கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போனால் காலி மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். 1409-இல் சீனாவில் பொறித்து, கடற்தளபதி செங் ஹோ கப்பலில் கொண்டுவந்த கல். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் விஷ்ணுவின் வடிவான தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று பட்டியல் நீள்கிறது. 1911-இல் கண்டெடுத்தபோது அது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது.

செங் ஹோ சாதுவல்ல. இத்தீவின் ஆட்சியாளர் ஒருவரைப் பின்னர் சிறைபிடித்துச் சென்றவர். அவ்வளவு படைபலம் இருந்தும், இங்கே மூன்று மொழியில் வணக்கம் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1956 முதல் மொழிச் சண்டை பார்த்தே வயதானவன் நான். அந்தக் கல்லில் தமிழைக் கண்டபோது பெருமையைவிட ஆறுதலே அதிகம்: பக்கத்தில் மற்ற இரண்டும் இருந்தன.