கொக்கும் தாமரையும் சொன்ன வாழ்த்து

தைபேயில் மூன்றாம் நாள். ஷிலின் நிலையத்தில் இறங்கி, பேருந்து பிடித்துத் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் போனோம். பெய்ஜிங் அரண்மனையிலிருந்து போருக்கு அஞ்சிக் கிளம்பி, ஊர் ஊராக அலைந்து, 1949 வாக்கில் தைவான் வந்து சேர்ந்த செல்வங்கள் அங்கே இருக்கின்றன. பச்சைக்கல்லில் செதுக்கிய புகழ்பெற்ற முட்டைக்கோஸின் முன்னால் ஒரே தலைகளாகத் தெரிந்தன. செதுக்கு வேலைக் கூடத்தில் ஆளே இல்லை.

அங்கேதான் அந்தக் கோப்பையைக் கண்டேன். காண்டாமிருகக் கொம்பு, முற்றிய தேனின் நிறம். மாட்டுக் கொம்பில் இருப்பதைப் போல இதன் உள்ளே எலும்பு கிடையாது. நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ, அதே கெரட்டின்தான். அடிப்பக்கம் இயற்கையாகவே குழிந்திருக்கும். சிற்பி கொம்பைத் தலைகீழாக்கி, அந்தக் குழியையே கோப்பையின் வாயாக்கிவிடுகிறான். விளிம்பு தாமரை இலையாகச் சுருண்டிருந்தது. தண்டுகளுக்கு நடுவே ஒரு கொக்கு.

"அழகான குளம்" என்றேன். கூட வந்த தைவான் தோழி தலையசைத்தார். "குளத்தைப் பார்க்காதீங்க. பேரைச் சொல்லிப் பாருங்க."

சீனத்தில் கொக்கு லூ. வழிக்கும் அதே ஒலி. தாமரை லியென், தொடர்ச்சி என்பதற்கும் லியென்தான். 'போகும் வழியெல்லாம் தேர்வுகளில் தொடர்ந்து வெற்றி கிட்டட்டும்' என்று அரசுத் தேர்வு எழுதப் போகிறவனை வாழ்த்துகிறது அந்தக் கொக்கு! நாம் சிலேடையைக் காதால் கேட்டுப் பழகியவர்கள். அதைக் கண்ணால் பார்த்தது எனக்கு அதுதான் முதல் முறை.

பிறகு ஒவ்வொன்றாக அவர் வாய் திறந்து சொல்லச் சொல்ல, வடிவங்கள் பேச ஆரம்பித்தன. வௌவால் என்றால் நல்வாழ்வு. இரண்டுக்கும் ஃபூ என்றே ஒலி. நண்டின் ஓடு ஜியா, தேர்வில் முதல் வரிசையும் ஜியா. பீச் பழம் நீண்ட ஆயுள். அதற்கு ஒலி காரணமில்லை, கதை காரணம். கைப்பிடியில் பெரிய டிராகன் ஒன்று குட்டியைத் திரும்பிப் பார்த்தால், தகப்பன் மகனுக்கு மேலே ஏறும் வழி காட்டுகிறான் என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கொம்புக்கே ஒரு நம்பிக்கை உண்டு. நஞ்சு கலந்த பானத்தை அதனால் கலக்கினால் வெள்ளை நுரை பொங்கும் என்று நான்காம் நூற்றாண்டில் சீன அறிஞர் கெ ஹோங் எழுதினார். அந்த நம்பிக்கையும் விலங்குக்கு எமனானது. சீன மண்ணில் காண்டாமிருகம் அற்றுப்போனது. மிங், சிங் அரசமரபுகளின் காலத்துச் சிற்பிகளுக்குக் கொம்பு பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. வியட்நாமின் கடைசிக் காண்டாமிருகம் 2010-இல் கொம்புக்காகக் கொல்லப்பட்டது. கொம்பில் மருந்து எதுவும் இல்லை என்று உலகுக்குக் காட்டவே 2021 செப்டம்பரில் அசாம் அரசு 2,479 கொம்புகளைப் பொதுவெளியில் எரித்தது. அது சரியான செயல் என்றே நினைக்கிறேன்.

அந்தச் சிற்பிகளின் கைத்திறனை நான் வணங்குகிறேன். ஆனால் பழங்காலக் கொம்புக் கோப்பை என்று யாராவது விலை சொன்னால் வாங்காதீர்கள். பார்க்க ஆசையிருந்தால் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சீனம் பேசுகிற ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.