தக்கைப் பிடிக்கு அரக்குப் பூச்சு

போர்ச்சுகலின் அலென்டெஜோ சமவெளியில் கார்க் ஓக் மரங்களின் அடிமரத்தில் வெள்ளை வண்ணத்தில் ஒற்றை இலக்கம் எழுதியிருக்கும். பட்டை உரித்த ஆண்டின் கடைசி எண் அது. 4 என்றிருந்தால் 2024இல் உரித்தது. சட்டப்படி 9 ஆண்டு கழித்து, 2033இல்தான் மறுபடி கோடரி படலாம். முதல் உரிப்புக்கே மரத்துக்குச் சுமார் 25 வயதாக வேண்டும். நல்ல பாட்டில் தக்கைக்கான பட்டை மூன்றாம் உரிப்பில்தான் கிடைக்கும். கோடரி சற்று ஆழமாக இறங்கினால் உயிருள்ள உள்பட்டை காயப்படும். ஆகவே உரிப்பவரின் கைத்திறனுக்கு அங்கே மதிப்பும் நல்ல கூலியும் உண்டு. அந்தப் பட்டை சைக்கிள் ஹேண்டில் கிரிப்பாகும்போது செய்யும் கடைசிப் பூச்சை மட்டும் வெறும் மினுக்கு வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தப் பூச்சும் உற்பத்தியில் ஒரு பாதி என்பது என் கட்சி.

தக்கையில்தான் தண்ணீர் ஏறாதே, அதற்கு ஏன் பூச்சு என்று கேட்கலாம். முழுப் பட்டைக்கு அது சரி. 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் கண்ட அந்த மூடிய சிற்றறைகள்தான் நீரைத் தடுக்கின்றன. கிரிப்போ, பெரும்பாலும், தக்கை வெட்டியபின் மிஞ்சும் பட்டையை அரைத்து, பசை சேர்த்து அழுத்திய துகள்களால் ஆனது. கடைசலில் உருட்டி, 22.2 மி.மீ. குழாய்க்கு ஏற்பத் துளைத்து, உப்புத்தாள் போடும்போது மேற்பரப்பில் அறைகள் திறந்துகொள்கின்றன. துகள்களுக்கு நடுவே இடுக்குகளும் இருக்கின்றன. வியர்வையும் அழுக்கும் அங்கேதான் குடியேறும், ஓரம் அங்கேதான் உதிரத் தொடங்கும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை நீர்க்கப் பூசினால் முதல் பூச்சை தக்கை உறிஞ்சிக்கொள்ளும். காயவைத்துக் காயவைத்து மேலும் சில பூச்சுகள் ஏற்றினால் இடுக்குகள் அடைபடும். தடிமனாகப் பூசினால் பிடி வழுக்கும், அமுங்கும் குணமும் குறையும் என்பது உண்மையே. எங்கே நிறுத்துவது என்பதில்தான் தொழிலாளியின் தேர்ச்சி இருக்கிறது.

பாலியூரித்தேன் அடித்தால் ஒரே வேலையில் முடியுமே என்பது அடுத்த வாதம். அரக்கு ஈரத்தில் வெளுக்கும், சானிடைசர் பட்டால் இளகும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் இளகுவதால்தான் அதைப் புதுப்பிக்க முடிகிறது. புதுப் பூச்சிலுள்ள ஸ்பிரிட் பழையதைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பாலியூரித்தேன் உரியத் தொடங்கினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அந்த அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து, குறிப்பாக ஜார்க்கண்டின் புரசு, இலந்தை, குசும் மரக் கிளைகளிலிருந்து போகிறது. அங்கும் மரம் உயிரோடிருந்தால்தான் அறுவடை. இத்தனை கைகளின் பொறுமை சேர்ந்த பொருளை வெறுமையாக விட்டு, ‘இயற்கையானது’ என்று சீட்டு ஒட்டி விற்பது பாதி வேலையை வாங்குபவர் தலையில் கட்டுவதுதான். அந்தப் பூச்சுக்கான கூலியை விலையில் சேர்த்து, பூசுகிறவருக்கே கொடுக்க வேண்டும். பிடி நீடித்து உழைக்கும்போது அந்த விலை அதிகமென்று யாரும் சொல்லப்போவதில்லை.